விடுதியில் குடித்தால் அன்றைக்கே டிசி: இந்த விதி சரிதானா?

பாளை வாத்தியார்
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரி ஆண்கள் விடுதியின் விதிமுறையைத் திருத்தி எழுதும் பொறுப்பை என்னிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள். கல்லூரி பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுவைப் பற்றிய பகுதியில் இப்போது இருக்கும் வரைவு இது:

‘விடுதி வளாகத்தில் மது அருந்துபவர், மது வைத்திருப்பவர், மது அருந்திவிட்டு வளாகத்துக்குள் வருபவர் எவராயினும் அன்றே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியேற்றப்படுவார். உடன் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும்.’

வளாகத்தில் மது கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. ஒருத்தன் குடித்துவிட்டு மயங்கிக் கிடக்கிறான், பக்கத்துக் கட்டில்காரன் என்னிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும். இந்த வரி இருந்தால் வருவானா? கமிட்டியில் பேசும் முன் உங்கள் கருத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

முக்கூடல் அக்கா
சார், வரைவு சரியாகத்தான் இருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள். நான் பீடி சுற்றி மகனைப் படிக்க வைக்கிறேன். தட்டை மடியில் வைத்தால் இடுப்பு நிமிர ராத்திரி ஆகிவிடும். அவன் அப்பாவைக் குடிக்குக் கொடுத்த வீடு எங்கள் வீடு. கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லூரி காம்பவுண்டுக்குள்ளாவது அந்த வாடை இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் விடுதியில் சேர்த்தேன். அங்கேயும் மன்னிப்பு, இன்னொரு வாய்ப்பு என்று ஆரம்பித்தால் எங்களைப் போன்றவர்கள் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடுவது?

கடைசி வருசம்
நான் விடுதியில்தான் இருக்கிறேன். வேறு கல்லூரி, இதே நெல்லை. அக்கா கோபப்படுவது நியாயம். ஆனால் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் விடுதியிலும் இதே விதி இருக்கிறது. அதனால் யாரும் விடுதிக்குள் குடிப்பதில்லை, அது உண்மை. வெளியே போய்க் குடிக்கிறார்கள். பைக்கில் மூன்று பேர் ஏறிப் பைபாஸ் பக்கம் போவார்கள், இல்லாவிட்டால் ஆற்றங்கரை. லீவு நாள் என்றால் மணிமுத்தாறு, சீசன் என்றால் குற்றாலம். கேட் மூடுவதற்குள் வந்தாக வேண்டும், அதனால் அரை மணி நேரத்தில் குவார்ட்டரை ஒரே மூச்சாக உள்ளே தள்ளிவிட்டு அதே பைக்கில் திரும்புவார்கள். வாசலில் வாட்ச்மேன் வாயை ஊதச் சொல்வார் என்ற பயத்தில் பின்பக்கச் சுவர் ஏறுவார்கள். மட்டையாகிவிட்டவனை ரூமில் போட்டுக் கதவைப் பூட்டி, அட்டெண்டன்ஸ் எடுக்க வருகிறவரிடம் ‘காய்ச்சல் சார், மாத்திரை போட்டுத் தூங்குறான்’ என்பார்கள். காலையில் எழுந்துவிட்டால் சரி.

போன வருசம் எங்கள் வராண்டாவில் ஒருத்தன் எழுந்திருக்கவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. 108க்குப் போன் பண்ணலாமா என்று நாங்கள் ஆறேழு பேர் வெகுநேரம் வாக்குவாதம் செய்தோம். ஆம்புலன்ஸ் வந்தால் வார்டனுக்குத் தெரியும், தெரிந்தால் எல்லாருக்கும் டிசி. கடைசியில் ஒரு ஜூனியர் பையன் யாரிடமும் கேட்காமல் போன் பண்ணிவிட்டான். மயங்கிக் கிடந்தவன் பிழைத்துக்கொண்டான். போன் பண்ணிய ஜூனியரையும் சேர்த்து எல்லாரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் விடுதியில் யார் போன் பண்ணுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நைட் டூட்டி
நான் செவிலியர். அவசரப் பிரிவில் பல வருடம் இரவுப் பணி பார்த்தவள். தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மாணவர்களைத் தூக்கிக்கொண்டு வரும் நண்பர்கள் பெரும்பாலும் பொய்தான் சொல்வார்கள். ‘புரோட்டா சாப்பிட்டான், ஃபுட் பாய்சன்’, ‘வெயிலில் கிரிக்கெட் ஆடினான்’ என்பார்கள். வாடை எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் எவ்வளவு குடித்தான், எப்போது குடித்தான், கூடவே மாத்திரை ஏதாவது போட்டானா, கீழே விழுந்து தலையில் அடிபட்டதா என்பதெல்லாம் கூட வந்தவன் வாயைத் திறந்தால்தான் தெரியும். அந்த உண்மையைப் பிடுங்குவதற்குள் நேரம் போய்விடும். தலைக்காயத்தைப் போதை என்று எண்ணிப் படுக்க வைத்துவிடும் ஆபத்து இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம்.

குவார்ட்டர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, ரம்மில் சாராயச் சத்து 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு பாட்டிலில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். ஈரல் ஒரு மணி நேரத்தில் எரித்து முடிப்பது சுமாராக 7 முதல் 10 கிராம். ராத்திரி எட்டு மணிக்குக் குடித்தது விடியற்காலை வரை உடம்பில் இருக்கும். அரை மணி நேரத்தில் குடித்தவனுக்குப் படுத்த பிறகுதான் போதை ஏறும். ‘தூங்கட்டும், தெளிந்துவிடும்’ என்று விட்ட பையன் தூக்கத்திலேயே இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருப்பான்.

மோர், எலுமிச்சம்பழம், தலையில் தண்ணீர், காபி எதுவும் போதையை இறக்காது. மயக்கத்தில் இருப்பவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று விரலை விடாதீர்கள். மல்லாக்கப் படுத்து வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். உயிர் போவது பல நேரம் இப்படித்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி முன்னால் ஊன்றிவிட்டு, ஒருத்தர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். கூப்பிட்டாலும் கிள்ளினாலும் அசையவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, உடம்பு சில்லிடுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

வாத்தியார் சார், அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பழைய வார்டன்
விடுதியில் பல காலம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். தடையைத் தளர்த்த வேண்டும் என்று இங்கே யாராவது பேசினால் நான் எதிர்ப்பேன். குடிக்கிறவனை மட்டும் பார்க்காதீர்கள், குடிக்காதவனையும் பாருங்கள். முதலாண்டுப் பையன் ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்திருப்பான். பக்கத்து ரூமில் பாட்டில் திறந்தால் அவன் படிப்பு போயிற்று. அடுத்தது அவனையே கடைக்கு அனுப்புவார்கள், ஊற்றிக் கொடுக்கச் சொல்வார்கள், குடிக்கச் சொல்வார்கள். 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் குடித்திருந்த சீனியர்கள் அடித்து ஒரு முதலாண்டு மாணவர் இறந்துபோனார். அதே ஆண்டுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடை விதிமுறைகள் வந்தன. ராகிங்கும் குடியும் எங்கே பிரிந்திருக்கின்றன?

அதே சமயம், எல்லாரையும் ஒரே கோலால் அளப்பது எனக்கும் பிடிக்காது. சுவர் ஏறிக் கொண்டுவந்து விற்கிறவன் ஒரு வகை. ஜூனியரைக் குடிக்க வைக்கிறவன் ஒரு வகை. பிறந்தநாள் அன்று நண்பர்கள் வற்புறுத்தி முதல் தடவை குடித்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டு நிற்கிறவன் வேறு வகை. முதல் இரண்டு பேருக்கும் இரக்கம் காட்டாதீர்கள். மூன்றாமவனுக்கு டிசி கொடுத்தால் நடு வருடத்தில் எந்தக் கல்லூரி சேர்க்கும்? ஊருக்குப் போய் வேலைக்கு நிற்பான், சாயங்காலமானால் கடைக்குப் போவான். குடிக்காமல் இருக்கப் போட்ட விதி அவனை நிரந்தரக் குடிகாரனாக்கிவிடும்.

வக்கீல் தம்பி
சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. இளநிலை படிப்பவர்களில் பெரும்பாலோர் 17 முதல் 20 வயதுக்காரர்கள். ஆக அவர்கள் கையில் பாட்டில் வருகிறது என்றால், விடுதி விதி மீறப்படும் முன்பே விற்ற இடத்தில் ஒரு விதி மீறப்பட்டுவிட்டது. அவர்களிடம் வயதுச் சான்று கேட்கும் கடையை நான் பார்த்ததில்லை. தூரக் கணக்கும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மது சில்லறை விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது. 50 மீட்டர் என்பது ஒரு நிமிட நடைகூட இல்லை. கல்லூரி நிர்வாகங்கள் மாணவனைப் பிடிக்கக் காட்டும் வேகத்தில் பாதியைக் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்பதில் காட்டினால் புண்ணியம். 21 வயதுக்குக் கீழே விற்கிறார்கள் என்று தெரிந்தால் மதுவிலக்குப் பிரிவின் 10581 எண்ணுக்குச் சொல்லலாம்.

வாத்தியார் கேட்டதற்கு நேராகப் பொருந்தும் ஒரு சட்டமும் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து எத்தனையோ பேரை நாம் ரோட்டிலேயே விட்டோம். அதற்காகத்தான் 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவிக்கு வந்தவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் விவரம் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. ரோட்டில் நாடே ஒத்துக்கொண்ட நியாயத்தை விடுதிக்குள் ஒத்துக்கொள்ள என்ன தடை?

இன்னொன்று, ‘அன்றே மாற்றுச் சான்றிதழ்’ என்பது நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் வெளியேற்றினால் ரிட் போட்டுத் திரும்பி வருவான்.

கடல் கடந்த நெல்லையான்
பேட்டையில் பிறந்து இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஊரில் இருக்கிறேன். இங்கே இந்தச் சண்டை நாற்பது வருடமாக நடக்கிறது. 1984இல் மது வாங்கும் வயதை நாடு முழுவதும் 21 என்று ஆக்க மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. ஒத்துக்கொள்ளாத மாநிலத்துக்குச் சாலை நிதியில் வெட்டு. 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் ‘21 பலிக்கவில்லை, பிள்ளைகள் ஒளிந்து குடிக்கிறார்கள், மறுபடி யோசியுங்கள்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். சாலை விபத்தில் உயிர்ச்சேதம் குறைந்திருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொன்னது. வயது மாறவில்லை. டார்ட்மவுத் 2015இல் வளாகத்தில் கடும் மதுவைத் தடை செய்தது, ஸ்டான்ஃபோர்டு 2016இல் இளநிலை மாணவர் விடுதிகளில் கடும் மதுவின் பெரிய பாட்டில்களுக்குத் தடை போட்டது.

எனக்கு மறக்கவே முடியாதது 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மாணவர்கள் சேர்ந்து வாழும் ‘ஃபிராட்டர்னிட்டி’ என்ற சங்கத்தின் வீடு ஒன்று. அந்த வீட்டில் மது கூடாது என்றுதான் ஏட்டில் இருந்தது. புதிதாகச் சேர வந்த பையனுக்கு வரிசையாக ஊற்றிக் கொடுத்தார்கள். மாடிப்படியில் உருண்டு விழுந்தான். சுமார் 12 மணி நேரம் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இறந்துபோனான். வாசலில் தடை எழுதியிருந்தது அவனைக் காப்பாற்றவில்லை. அடுத்த வருடம் அந்த மாநிலம் போட்ட சட்டத்தில், உதவிக்கு அழைத்தவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று எழுதினார்கள். கார்னெல் பல்கலைக்கழகம் 2002இலேயே இப்படி ஒரு ஏற்பாடு செய்து, அவசர அழைப்புகள் கூடியதைப் பார்த்தது. தடையை அவர்கள் எடுக்கவில்லை. போன் பண்ணினவனுக்குத் தண்டனை இல்லை, அவ்வளவுதான்.

பனங்காடு
எல்லாரும் குவார்ட்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். 1987 முதல் கள்ளுக்குத் தடை போட்டுவிட்டு அரசே கடை நடத்துகிறது. கள்ளைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் இந்தக் கண்ட சரக்கைத் தேட மாட்டார்கள். பனையேறிகளும் பிழைப்பார்கள்.

பழைய வார்டன்
அண்ணாச்சி, பனையேறி பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் கள்ளும் விடுதிக்குள் வரக் கூடாது. பதநீர் என்றால் நானே வாங்கித் தருகிறேன்.

நெறியாளர்
கள் பற்றித் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. இங்கே விடுதி விதியோடு நிற்போம்.

சமாதானபுரம்
நான் பெண்கள் விடுதியில் இருந்து படித்தவள். எங்களுக்குச் சாயங்காலமே கேட் மூடிவிடும், வெளியே போகக் கையெழுத்து, திரும்பக் கையெழுத்து. ஆண்கள் விடுதியில் குடி என்று ஒரு பிரச்சினை வந்ததும் எங்கள் கேட் மூடும் நேரத்தை இன்னும் முன்னால் கொண்டுவந்தார்கள். குடித்தது யார், அடைபட்டது யார்? வாத்தியார் சார், உங்கள் விதியில் அப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி, இந்த விதி ஆசிரியர்களுக்கும் உண்டா? ஆண்டு விழா முடிந்து ஸ்டாஃப் ரூம் பக்கம் வாடை அடித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். வாயை ஊதச் சொல்லும் வாட்ச்மேனும் சில நாள் தள்ளாடுவார். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பாளை வாத்தியார்
சமாதானபுரம் கேட்டது நியாயமான கேள்வி. வரைவில் ‘எவராயினும்’ என்று இருந்தாலும், மாற்றுச் சான்றிதழ் என்று வருவதால் அது மாணவரை மட்டும்தான் குறிக்கிறது. ‘வளாகத்தில் உள்ள எவரும்’ என்று மாற்றச் சொல்வேன். கமிட்டியில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

முக்கூடல் அக்கா
எல்லாவற்றையும் வாசித்தேன். மகன்தான் சத்தமாக வாசித்துக் காட்டினான். கடைசி வருசம் தம்பி, மூச்சு விட்டு விட்டு வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கேட்டதிலிருந்து கை ஓடவில்லை. என் வீட்டுக்காரரையும் கடைசியில் திண்ணையில் அப்படித்தான் படுக்க வைத்தார்கள். ‘தெளிந்துவிடும்’ என்று எல்லாரும் போய்விட்டார்கள்.

போன் பண்ணுகிற பிள்ளையைத் தண்டிக்காதீர்கள். அது என் மகனாக இருந்தால் நான் பெருமைப்படுவேன். குடித்தவனை விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்ல மாட்டேன். முதல் தடவையே அவன் வீட்டுக்குத் தெரிய வேண்டும். நாலு பேர் முன்னால் ‘உங்க மகன் என்ன செஞ்சான் தெரியுமா’ என்று கேட்டு அவமானப்படுத்தத் தாயைக் கூப்பிடுகிறார்களே, அது வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே போன் பண்ணுங்கள். நாங்கள் பஸ் ஏறி வந்துவிடுவோம். ராத்திரி பஸ் இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்தாவது வருவோம்.

கடைசி வருசம்
அக்கா, வீட்டுக்குச் சொல்வோம் என்றால் அதற்குப் பயந்தும் பசங்கள் போன் பண்ண மாட்டார்கள். டிசியைவிட அப்பாவுக்குப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

முக்கூடல் அக்கா
பயப்படட்டும் தம்பி. உயிரோடு இருந்து பயப்படட்டும்.

நைட் டூட்டி
இதில் நான் அக்கா பக்கம். 18 வயது ஆகாத பிள்ளைகளும் விடுதியில் இருக்கிறார்கள், சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கவே பெற்றோர் தேவைப்படும். ஆனால் வீட்டுக்குப் பேசுவது வார்டனாக இருக்கட்டும், அவரும் நிதானமாகப் பேச வேண்டும். முதல் வாக்கியம் ‘பையன் நல்லா இருக்கான், ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே நான் இருக்கேன்’ என்பதாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

விடுதி நோட்டீஸ் போர்டில் 108 மட்டும் போதாது. குடியை விட நினைப்பவர்களுக்கு 14446 இருக்கிறது, மனக் கஷ்டம் என்றால் டெலிமானஸ் 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். நிறையப் பையன்கள் குடிப்பதற்குக் காரணம் ஜாலி மட்டும் இல்லை. அரியர், வீட்டுக் கடன், காதல் தோல்வி என்று என்னிடம் குளுக்கோஸ் ஏறும்போது அழுதவர்கள் அதிகம்.

பாளை வாத்தியார்
உங்கள் எல்லாருடைய கருத்தையும் வைத்துத் திருத்தியிருக்கிறேன். கமிட்டிக்கு இப்படிக் கொண்டுபோகப் போகிறேன்:

‘வளாகத்தில் எவரும் மது அருந்தவோ வைத்திருக்கவோ கூடாது. மது அருந்திய நிலையில் வளாகத்துக்குள் வரவும் கூடாது. ஒருவருக்கு மதுவால் உயிராபத்து என்று தோன்றினால் அருகில் இருப்பவர் உடனே 108ஐயும் வார்டனையும் அழைக்க வேண்டும். அழைத்தவர் மீதும் சிகிச்சை பெற்றவர் மீதும் அந்த இரவு அருந்தியதற்காக வெளியேற்ற நடவடிக்கை எடுக்கப்படாது. பெற்றோருக்கு வார்டன் தகவல் தெரிவிப்பார். சிகிச்சை பெற்றவர் ஆலோசகரை ஒரு மாத காலத்துக்குத் தொடர்ந்து சந்திக்க வேண்டும். வளாகத்துக்குள் மது விற்பவரும் பிறரைக் குடிக்கக் கட்டாயப்படுத்துபவரும் விசாரணைக்குப் பின் வெளியேற்றப்படுவர்.’

‘உடன் இருந்தவர்களுக்கும் பொருந்தும்’ என்ற வரி போய்விட்டது.

பழைய வார்டன்
நல்லா இருக்கு சார். ஒரே ஒரு ஓட்டை. ஒருத்தன் மாதம் ஒரு தடவை மட்டையாகி, மாதம் ஒரு தடவை 108 ஏறினால்? ‘முதல் தடவை’ என்று சேர்த்துவிடுங்கள்.

நைட் டூட்டி
சேர்க்காதீர்கள். முதல் தடவை என்று எழுதிவிட்டால், இரண்டாவது தடவை நண்பர்கள் மறுபடி கதவைப் பூட்டுவார்கள். திரும்பத் திரும்ப வருகிறவனுக்குத் தண்டனை வேலை செய்யாது, அது நோய். அவனைச் சிகிச்சைக்கு அனுப்புங்கள், தேவைப்பட்டால் ஒரு பருவம் விடுப்புக் கொடுங்கள். சிகிச்சை முடித்துச் சான்று கொண்டுவந்தால் அவன் இடம் அவனுக்கு இருக்க வேண்டும்.

பழைய வார்டன்
விடுப்பு என்றால் எனக்குச் சம்மதம். அழைத்த பையனுக்கு மட்டும் எத்தனையாவது தடவை என்ற கணக்கே வேண்டாம், அதைத் தனி வாக்கியமாகப் போடுங்கள்.

வக்கீல் தம்பி
இரண்டையும் சேர்த்து எழுதித் தருகிறேன் சார், நாளைக்குள் அனுப்பிவிடுவேன். விடுதிச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே இந்தப் பகுதியை அச்சடித்துப் பெற்றோர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பின்னால் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

நைட் டூட்டி
விதி எழுதினால் போதாது, செய்யத் தெரிய வேண்டும். வார்டன், வாட்ச்மேன், ஒவ்வொரு வராண்டாவிலிருந்தும் இரண்டு பையன்கள் வந்தால், சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் வந்து, ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும் மூச்சு எண்ணுவதையும் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு பாய் விரித்து வையுங்கள். மெஸ் அண்ணாச்சியையும் வரச் சொல்லுங்கள், ராத்திரி கடைசியாகத் தூங்கப் போகிறவர் அவர்தான்.